ஹாஸ்டல் காலி செய்யும் நாள்: பழைய பொருள்களை அடுத்த மாணவர் கைக்குக் கொண்டு சேர்ப்பது எப்படி

மே மாதம் இறுதியாண்டு மாணவர்கள் ஹாஸ்டலைக் காலி செய்யும்போது பக்கெட், மக், ஹேங்கர், டேபிள் ஃபேன், பொறியியல் வரைபடம் போட உதவும் டிராஃப்டர், லேப் கோட் எல்லாம் வராந்தாவில் குவிகின்றன. பெரும்பாலானவை நல்ல நிலையில் இருப்பவைதான். கலந்தாய்வு முடிந்து ஆகஸ்ட், செப்டம்பரில் முதலாண்டு மாணவர்கள் வந்து, அதே பொருள்களைக் கல்லூரி வாசலில் உள்ள கடைகளில் புதிதாக வாங்குகிறார்கள். நடுவில் இருப்பது மூன்று மாத இடைவெளி. அந்த இடைவெளியைக் கடக்கச் செய்வதுதான் இந்த வேலையின் சாரம்.

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் 2011இல் 'டிராஷ் டு ட்ரெஷர்' என்ற பெயரில் இதைத் தொடங்கினார்கள். மே மாதம் சேகரித்து, கோடை முழுக்க வைத்திருந்து, புதியவர்கள் வரும்போது விற்றார்கள். விற்ற பணமே அடுத்த ஆண்டுச் செலவுக்கு ஆனது. 2013இல் மற்ற கல்லூரி மாணவர்களுக்கு இதைக் கற்றுக்கொடுக்க 'போஸ்ட் லேண்ட்ஃபில் ஆக்‌ஷன் நெட்வொர்க்' என்ற அமைப்பும் அங்கிருந்து உருவானது. நம் ஊர்க் கல்லூரிகளுக்கும் இந்த அடிப்படை அப்படியே பொருந்தும். மாறுவதெல்லாம் வெயில், கரையான், மூட்டைப்பூச்சி, ஹாஸ்டல் விதிமுறை ஆகியவைதான்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலில் மனதில் நிறுத்த வேண்டியது ஒன்றுண்டு. சேகரிப்பதில் சிரமம் எதுவும் இல்லை. ஒரு பொருள் எந்த வழியாக வெளியே போகும் என்று தெரியாமல் அதை உள்ளே வாங்காதீர்கள். செப்டம்பரில் ஓர் அறை முழுக்க யாருக்கும் வேண்டாத பொருள்களோடு நின்றால், மறு ஆண்டு அந்த அறையை உங்களுக்கு யாரும் தர மாட்டார்கள்.

பிப்ரவரியில் செய்ய வேண்டியவை

அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். வார்டன் வாய்மொழியாகச் சரி என்று சொன்னால் போதாது. மே மாதம் அவர் விடுப்பில் இருந்தால் கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி ஒரு பக்கெட்டைக்கூட வெளியே விட மாட்டார். கடிதத்தில் நான்கு விஷயங்கள் இருக்க வேண்டும்: சேகரிக்கும் இடமும் தேதியும், பொருள் வைக்கும் அறை, வெளியே கொண்டுபோகக் கேட் பாஸ் கையெழுத்திடுபவர் யார், விற்ற பணம் எந்தக் கணக்கில் சேரும். நான்காவதை எழுதாமல் விட்டால் பின்னால் சந்தேகம் கிளம்பும். மாணவர் ஒருவரின் சொந்த யுபிஐ எண்ணில் பணம் வாங்கவே கூடாது. மாணவர் மன்றத்தின் பெயரிலோ ஹாஸ்டல் அலுவலகக் கணக்கிலோதான் வாங்க வேண்டும்.

அடுத்து, ஹாஸ்டல் தூய்மைப் பணியாளர்களிடம் பேசுங்கள். காலி செய்யும் நாள்களில் கிடக்கும் பழைய பேப்பர், பாட்டில், இரும்பு எல்லாவற்றையும் காயலான் கடையில் போட்டு வரும் பணம் பல இடங்களில் அவர்களுடைய கூடுதல் வருமானம். நீங்கள் மேசை போட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டால், குறைந்த சம்பளம் வாங்குகிறவர்களின் கையிலிருந்துதான் எடுக்கிறீர்கள். நியாயமான ஏற்பாடு இது: பேப்பர், அட்டை, பாட்டில், உடைந்த பிளாஸ்டிக், இரும்பு முழுவதும் அவர்களுக்கு, இன்னொருவர் அப்படியே பயன்படுத்தக்கூடிய பொருள் மட்டும் உங்களுக்கு. அதிலும் தங்கள் வீட்டுக்கு வேண்டியதை அவர்கள் முதலில் எடுத்துக்கொள்ளட்டும். எந்த அறை எப்போது காலியாகிறது என்று அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். அவர்கள் ஒத்துழைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

குழுவில் இறுதியாண்டு மாணவர்களை நம்பி எந்தப் பொறுப்பையும் வைக்காதீர்கள். கடைசித் தேர்வோ வைவாவோ முடிந்த மறுநாள் அவர்கள் ஊரில் இருப்பார்கள். இரண்டாம், மூன்றாம் ஆண்டினரும் விடுமுறைக்குப் போய்விடுவார்கள். ஆகவே கோடையில் புராஜெக்ட்டுக்காகத் தங்குகிறவர்கள், உள்ளூரிலிருந்து வந்துபோகும் டே ஸ்காலர்கள் ஆகிய இருவகையினரிலிருந்தும் ஆள் எடுங்கள். மாடிக்கு ஒருவர், மேசையில் எப்போதும் இருவர், கணக்குக்கு ஒருவர், மின்சாதனங்களைச் சோதிக்கத் தெரிந்த ஒருவர் இருந்தால் ஒரு ஹாஸ்டல் கட்டடத்தைச் சமாளிக்கலாம்.

எதை வாங்குவது, எதைத் திருப்பி அனுப்புவது

பக்கெட், மக், ஹேங்கர், பூட்டு (சாவியோடு), மேசை விளக்கு, டேபிள் ஃபேன், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், டிராஃப்டர், கால்குலேட்டர், துவைத்த லேப் கோட், புத்தகம், சைக்கிள் ஆகியவை தாராளமாகப் போகும். திறந்த எண்ணெய், ஷாம்பூ, மருந்து, உள்ளாடை, பயன்படுத்திய ரேசர், கண்ணாடித் துண்டு வேண்டவே வேண்டாம்.

கெட்டில், அயர்ன் பாக்ஸ், இண்டக்‌ஷன் அடுப்பு, தண்ணீர் சூடாக்கும் ராடு பற்றித் தனியே சொல்ல வேண்டும். பல ஹாஸ்டல்களில் இவற்றுக்குத் தடை உண்டு. தடை உள்ள ஹாஸ்டலில் இவற்றைப் புது மாணவருக்கு விற்றால் ஒரே வாரத்தில் வார்டன் பறிமுதல் செய்வார். உங்கள் பெயரும் அதோடு கெடும். வெளியே அறை எடுத்துத் தங்குகிறவர்களுக்கோ பணியாளர்களுக்கோ இவை போகட்டும். ராடு மட்டும் யாருக்கும் வேண்டாம். பழைய ராடில் மேலுறை அரித்திருந்தால் தண்ணீரிலேயே மின்சாரம் பாயும்.

மெத்தை விஷயத்தில் இரக்கமே காட்டாதீர்கள். மூட்டைப்பூச்சி உள்ள ஒரு மெத்தை, அறையில் இருக்கும் துணி, பை, புத்தக அட்டை எல்லாவற்றுக்கும் அதைப் பரப்பிவிடும். மூன்று மாதம் பூட்டி வைத்தால் பட்டினியில் செத்துவிடும் என்று நம்ப வேண்டாம். இரத்தம் இல்லாமலே அவை பல மாதம் தாக்குப்பிடிக்கும். மொட்டை மாடி வெயிலில் போட்டாலும் நிழல் பக்கத்துக்கு நகர்ந்துவிடும். அவற்றையும் முட்டைகளையும் கொல்லச் சுமார் 50 டிகிரி செல்சியஸ் வெப்பம் மெத்தையின் உள்பகுதி வரை சென்று அங்கே நிலைக்க வேண்டும். வெயிலில் அது உறுதியில்லை. முதல் ஆண்டு மெத்தையே வாங்காதீர்கள் என்பது எங்கள் தீர்க்கமான கருத்து. வாங்கியே ஆக வேண்டுமென்றால் டார்ச் அடித்து ஓரத் தையல் முழுவதையும் விரித்துப் பாருங்கள். பேனா முனை அளவு கறுப்புப் புள்ளி, உரித்த பழுப்புத் தோல், வெள்ளை முட்டை எது தெரிந்தாலும் அந்த மெத்தை அறைக்குள் வரக் கூடாது. இலவம்பஞ்சு மெத்தையில் பஞ்சைப் பிரித்து அடித்து, புது உறை போட ஆள் கிடைத்தால் மட்டும் யோசிக்கலாம்.

மேசையை எங்கே போடுவது

ஒவ்வொரு மாடியிலும் பெட்டி வைத்துவிட்டுப் போவதுதான் புதியவர்கள் வழக்கமாக முதலில் எடுக்கும் முடிவு. மாலைக்குள் அதில் மீந்த பிரியாணிப் பொட்டலம் விழும். அதோடு அந்தப் பெட்டி குப்பைத் தொட்டியாகிவிடும். ஆள் இல்லாத இடத்தில் பெட்டி வைக்காதீர்கள்.

பாக்கி எதுவும் இல்லை என்று காட்டும் நோ டியூஸ் படிவத்தில் கையெழுத்து வாங்கி அறைச் சாவியை ஒப்படைக்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் மேசை இருக்க வேண்டும். காலி செய்யும் ஒவ்வொருவரும் அங்கே வந்தே தீர வேண்டும். அக்னி நட்சத்திர வெயிலில் நண்பகலில் யாரும் மூட்டை தூக்க மாட்டார்கள். காலை 6 முதல் 10 மணி வரையும், மாலை 5 முதல் 9 மணி வரையும் மேசை இயங்கினால் போதும். இரவு ரயிலைப் பிடிக்கிறவர்கள் மாலையில் வருவார்கள்; அப்பாவின் காரில் போகிறவர்கள் காலையில் வருவார்கள்.

பொருளை வாங்கிய உடனே, கொடுத்தவர் எதிரிலேயே பிரியுங்கள். பிறகு பிரிக்கலாம் என்று மூட்டையாகக் கட்டி வைத்தால் அந்தப் பிறகு வரவே வராது. துணி, புத்தகம், பிளாஸ்டிக் சாமான், மின்சாதனம், உடைந்தவை என்று ஐந்து இடங்கள் போதும். ஐந்தாவது நேராகப் பணியாளர்களிடம் போகும். மின்சாதனமும் பேட்டரியும் மட்டும் அதில் சேரக் கூடாது.

சோதனை

இந்தப் பகுதியில் நேரம் செலவிடுங்கள். நம்பி வாங்கிய புது மாணவரின் கையில் முதல் வாரமே உடைந்தால், அடுத்த ஆண்டு உங்கள் மேசைப் பக்கம் யாரும் வர மாட்டார்கள்.

பக்கெட்டில் தண்ணீர் நிரப்பிப் பத்து நிமிடம் வையுங்கள். அடியில் மயிரிழை விரிசல் இருந்தால் தரையில் ஈரம் தெரியும். பக்கெட் முதலில் உடைவது அடியில் அல்ல, பிடி மாட்டும் காதில்தான். நிரம்பிய பக்கெட்டைப் பிடியால் தூக்கி, காதைச் சுற்றி வெளுத்த கோடு இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் கழித்துவிடுங்கள். போர்வெல் தண்ணீரின் வெள்ளை உப்புக் கறை வினிகரில் அரை மணி நேரம் ஊற வைத்தால் போய்விடும்.

மினி டிராஃப்டரைப் பார்த்தவுடன் நல்லது கெட்டது தெரியாது. வரைபலகையின் இடது மேல் மூலையில் கிளாம்ப்பை இறுக்கிப் பொருத்துங்கள். பலகையின் வலப்பக்கம் ஒரு கிடைக்கோடு போடுங்கள். தலைப்பகுதியைக் கீழே, இடப்பக்கம், மறுபடி மேலே என்று சுற்றிக்கொண்டுவந்து அதே கோட்டின் மேல் ஸ்கேலை வையுங்கள். கோடும் ஸ்கேல் விளிம்பும் ஒன்றாகப் பொருந்தினால் டிராஃப்டர் சரி. சிறு கோணம் விலகினாலும் கம்பி இணைப்பில் ரிவெட் தளர்ந்திருக்கிறது என்று பொருள். அந்த டிராஃப்டரில் வரைகிற மாணவருக்கு இணைகோடு ஒன்றுகூட இணைகோடாக வராது. கிளாம்ப் திருகு தொலைந்தவற்றைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். பழுதான இரண்டிலிருந்து நல்லது ஒன்று தேறும்.

கால்குலேட்டரில் பேட்டரி மூடியைத் திறந்து பச்சை, வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா என்று பாருங்கள். திரை முழுக்க 8 அடித்தால் விடுபட்ட கோடுகள் தெரியும். தேர்வறையில் அனுமதிக்கப்படும் மாடல்தானா என்பதையும் உங்கள் கல்லூரி விதியில் பார்த்துச் சீட்டில் எழுதிவிடுங்கள்.

மின்சாதனங்களைக் கல்லூரி எலக்ட்ரீஷியன் அல்லது மின், மின்னணுப் பொறியியல் (இஇஇ) துறை லேப் உதவியாளர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் சோதியுங்கள். எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் சீரீஸ் லேம்ப் போர்டு இதற்கு அருமையான கருவி. 100 வாட் பழைய இழை பல்பு ஒன்று சாக்கெட்டோடு தொடரில் இருக்கும். ஷார்ட் ஆன பொருளைச் செருகினால் ஃபியூஸ் போகாது. பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். 50 வாட் டேபிள் ஃபேன் நல்ல நிலையில் இருந்தால் பல்பு மங்கலாக எரியும். ஆனால் கெட்டிலுக்கு இந்தச் சோதனை உதவாது. 1500 வாட் கெட்டிலின் மின்தடை சுமார் 35 ஓம்தான். எரியும் பல்பின் தடை 500 ஓமுக்கு மேல் என்பதால், நல்ல கெட்டிலைச் செருகினாலும் பல்பு ஏறக்குறைய முழுதாக எரிந்து உங்களை ஏமாற்றும். கெட்டிலுக்கு மல்டிமீட்டர் வைத்து அளவிடுங்கள். இரு முனைகளுக்கு இடையே சுமார் 35 ஓம் காட்ட வேண்டும். அவற்றில் எதற்கும் எர்த் முனைக்கும் நடுவே தொடர்பு இருக்கவே கூடாது.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மூன்று ஓட்டை இருப்பதை வைத்து எர்த் இருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள். மலிவானவை பலவற்றில் உள்ளே ஓடுவது இரண்டு கம்பிதான். பிளக்கின் பெரிய முனைக்கும் சாக்கெட்டின் பெரிய ஓட்டைக்கும் தொடர்பு இல்லையென்றால் அதை விற்காதீர்கள்.

போனும் லேப்டாப்பும் வந்தால், கொடுப்பவர் எதிரில் இருக்கும்போதே கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, முழுதாக அழித்துத் தரச் சொல்லுங்கள். அவர் ஊருக்குப் போன பின் திறந்தால் பழைய கணக்கின் கடவுச்சொல் கேட்கும். போன் நல்லதாக இருந்தும் யாருக்கும் பயன்படாது. பென் டிரைவையும் அப்படியே அழித்து வாங்குங்கள்.

பேட்டரியும் மின் கழிவும்

வீங்கிய பவர் பேங்க், வீங்கிய போன் பேட்டரி ஆகியவற்றைக் குத்தவோ அழுத்தவோ கூடாது. முனைகளில் டேப் ஒட்டி, உலர்ந்த மணல் நிரப்பிய இரும்பு டின்னில் வைத்து, கட்டடத்துக்கு வெளியே நிழலில் வையுங்கள். பேப்பரும் துணியும் இருக்கும் அறைக்குள் அந்த டின் ஒருநாளும் போகக் கூடாது.

பழுதான மின்சாதனத்தைக் காயலான் கடையில் போடுவது சுலபம்; ஆனால் அது சரியான வழி அல்ல. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகள் 2022-இன்படி, ஒரு நிதியாண்டில் குறைந்தது 1000 மின், மின்னணுச் சாதனங்களைப் பயன்படுத்தும் நிறுவனம் மொத்த நுகர்வோர். பெரிய கல்லூரி பெரும்பாலும் இந்த வரையறைக்குள் வரும். அதன் கழிவு, பதிவு பெற்ற உற்பத்தியாளர், புதுப்பிப்பவர், மறுசுழற்சியாளர் ஆகியோரிடம் மட்டும்தான் போகலாம். கல்லூரி தன் பழைய கணினிகளை யாரிடம் கொடுக்கிறது என்று, வளாகச் சொத்துகளைக் கவனிக்கும் எஸ்டேட் ஆபீஸில் கேளுங்கள். அதே வண்டியில் உங்கள் இரண்டு சாக்கையும் ஏற்றிவிடலாம்.

புத்தகம், தாள், துணி

பாடப்புத்தகத்தை அட்டையைப் பார்த்து மதிப்பிடாதீர்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள கல்லூரியில் ரெகுலேஷன் (சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் பாட விதிமுறை) மாறினால் பாடத்திட்டமும் மாறும். 2017 ரெகுலேஷனுக்காக அச்சிட்ட உள்ளூர்ப் பதிப்பகப் புத்தகம் 2021 ரெகுலேஷன் மாணவருக்கு முழுதாகப் பொருந்தாது. ஒவ்வொன்றிலும் எந்த ரெகுலேஷன், எந்த செமஸ்டர் என்று சீட்டு ஒட்டுங்கள். கணிதம், இயற்பியல் போன்ற அடிப்படை நூல்களும் முதுநிலைப் பொறியியல் சேர்க்கைக்கான கேட் (GATE) தேர்வு நூல்களும் எந்த ஆண்டும் போகும். டிஎன்பிஎஸ்சி புத்தகங்களை ஊர் நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

எழுதாத பக்கங்களைப் பிரித்து 100 தாள் கொண்ட ரஃப் நோட்டாகப் பைண்ட் செய்யலாம். 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) ஏ4 தாள் ஒன்று ஏறக்குறைய 4.4 கிராம், ஒரு கிலோ வெள்ளைத் தாள் கிடைத்தால் இரண்டு நோட்டு ஆகும். பேப்பர் குவியலைப் பணியாளர்களிடம் தரும் முன் ஒருமுறை புரட்டுங்கள். ஆதார் ஜெராக்ஸ், வங்கிப் பாஸ்புக் நகல், மதிப்பெண் பட்டியல், சில சமயம் அசல் சான்றிதழே உள்ளே இருக்கும். நகல்களைக் கிழித்துப் போடுங்கள். அசலை ஹாஸ்டல் அலுவலகத்தில் ஒப்படையுங்கள்.

துவைக்காத துணியை வாங்காதீர்கள். வியர்வை படிந்த துணியை மூட்டை கட்டினால் பூஞ்சை பிடித்து மற்றதையும் கெடுக்கும். அணியத் தக்க துணியை 1999இல் தொடங்கப்பட்ட கூஞ்ச் போன்ற அமைப்புகள் பெற்றுக்கொள்கின்றன. எதை ஏற்பார்கள், எங்கே இறக்க வேண்டும் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கிழிந்த பருத்தித் துணியைக் கல்லூரி ஒர்க்‌ஷாப்பில் எண்ணெய் துடைக்கக் கேட்பார்கள். நைலான், பாலியெஸ்டர் துணியைக் கொண்டுபோகாதீர்கள்.

சைக்கிள்

சென்னை ஐஐடி போன்ற பெரிய வளாகங்களில் சைக்கிள்தான் அன்றாட வாகனம். உரிமையாளர் போன பின்னும் ஸ்டாண்டிலேயே நிற்பவை அதிகம். நிற்கிறது என்பதற்காகப் பூட்டை அறுக்காதீர்கள். விடுமுறைக்குப் போனவருடையதாக இருக்கலாம். ஒவ்வொன்றிலும் தேதியிட்ட சீட்டுக் கட்டி, மின்னஞ்சலிலும் அறிவிப்புப் பலகையிலும் 30 நாள் அவகாசம் கொடுங்கள். பெடல் அச்சுக்கு அடியில் பொதுவாகப் பொறித்திருக்கும் ஃபிரேம் எண்ணையும் புகைப்படத்தையும் பதிவேட்டில் சேருங்கள். அவகாசம் முடிந்த பின் எஸ்டேட் ஆபீஸ் எழுத்தில் ஆணை தந்தால் மட்டும், செக்யூரிட்டி முன்னிலையில் பூட்டை வெட்டுங்கள்.

ஃபிரேம் வளைந்தது, ஃபோர்க் வளைந்தது இரண்டும் பாகங்களுக்கு மட்டும். ரிம் கோட்டம் கடைக்காரர் எடுத்துவிடுவார். வெயிலில் நின்ற சைக்கிளில் டியூப்பும் பிரேக் கட்டையும் ரப்பர் இறுகிப் போயிருக்கும். யோசிக்காமல் இரண்டையும் மாற்றுங்கள். துருப்பிடித்த செயினை மண்ணெண்ணெயில் இரவு முழுக்க ஊறவிட்டு, துலக்கி, எண்ணெய் போட்டுப் பாருங்கள். கண்ணிகள் மடங்க மறுத்தால் புதிது வாங்குவதே மேல். பிரேக் சரியாக இல்லாத சைக்கிளை இலவசமாகக்கூடக் கொடுக்காதீர்கள்.

மூன்று மாதம் வைத்திருப்பது

தரைத்தள அறை கிடைத்தால் கரையானை நினையுங்கள். புத்தகப் பெட்டி தரையையும் சுவரையும் தொடக் கூடாது. செங்கல் வரிசையின் மேல் பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அடுக்குங்கள். அட்டைப் பெட்டியில் புத்தகத்தைப் பாதிக்கு மேல் நிரப்பினால் தூக்கும்போது அடி பிய்ந்துவிடும்; மேல்பாதியில் துணி வையுங்கள். பக்கெட்டுகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கும்போது நடுவில் பேப்பர் வைக்காவிட்டால் இறுகிக்கொண்டு வராது. நடுவே ஆள் போக வழி விடுங்கள். அறைக்குச் சாவி இரண்டு: ஒன்று குழுவிடம், ஒன்று ஹாஸ்டல் ஆபீஸில். மாதம் ஒருமுறை திறந்து எலி, ஒழுகல் பாருங்கள். ஜூலை மழைக்குப் பின் கட்டாயம் பாருங்கள்.

விற்பனை

இதில் பலரும் தோற்பது ஒரே காரணத்தால். புது மாணவர் வந்து சேரும் நாளில் விற்பனை என்று பலகை வைக்கிறார்கள். அதற்குள் அந்தக் குடும்பம் பக்கெட்டும் டிராஃப்டரும் வாங்கிக்கொண்டுதான் கேட்டுக்குள் நுழைகிறது. சேர்க்கைக் கடிதத்தோடு போகும் 'கொண்டுவர வேண்டியவை' பட்டியலில் உங்கள் வரிகள் இடம்பெற வேண்டும்: இன்னின்ன பொருள்கள் ஹாஸ்டலிலேயே குறைந்த விலைக்குக் கிடைக்கும், முன்கூட்டி வாங்க வேண்டாம். அந்த வரிகளுக்காக ஜூன் மாதமே அட்மிஷன் அலுவலகத்தைப் பாருங்கள். முதலாண்டு மாணவர்களின் வாட்ஸாப் குழு உருவானதும் புகைப்படங்களையும் விலையையும் அனுப்புங்கள்.

விலையைக் கடை விலையில் மூன்றில் ஒரு பங்காக வைத்து 10, 20, 50, 100 என்று முழு எண்ணாக்குங்கள். எல்லாம் இலவசம் என்றால் முதலில் வந்தவர் நான்கு பக்கெட் எடுத்துப் போவார். தேவை உள்ளவர் கூச்சத்தில் ஒதுங்கி நிற்பார். பணம் கொடுக்க இயலாத மாணவர்களுக்கு வேறு ஏற்பாடு வேண்டும். வார்டன் அல்லது துறை ஆலோசகர் மூலம் விற்பனைக்கு முந்தைய நாளே டோக்கன் கொடுத்து, தனியாக வந்து விருப்பப்படி தேர்ந்தெடுக்கச் செய்யுங்கள். முதல் தேர்வு அவர்களுடையதாக இருக்கட்டும். மற்றவர்கள் கழித்ததைத் தானமாகத் தள்ளாதீர்கள்.

மின்சாதனத்துக்கு மட்டும் ஏழு நாளில் திருப்பித் தரலாம் என்று சீட்டில் எழுதிக் கொடுங்கள். சோதனை சரியாக நடந்திருந்தால் திரும்பி வருபவை குறைவாகவே இருக்கும்.

விற்பனை முடிந்த ஒரு வாரத்தில் அறை காலியாக வேண்டும். மீந்த துணியும் புத்தகமும் ஏற்கெனவே பேசி வைத்த இடங்களுக்குப் போகட்டும், மற்றவை பணியாளர்களுக்கு. ஒவ்வொரு வகையும் எத்தனை கிலோ வந்தது, எங்கே போனது என்று ஸ்பிரிங் தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். எது விற்காமல் தேங்கியதோ அதை அடுத்த ஆண்டு மேசையில் வாங்க மறுக்க அந்தக் கணக்குதான் ஆதாரம். பதிவேடு, அனுமதிக் கடித நகல், மீதிப் பணம், அறைச் சாவி நான்கையும் அக்டோபரிலேயே இரண்டாம் ஆண்டு மாணவர்கள் இருவரிடம் கையெழுத்து வாங்கி ஒப்படையுங்கள். பிப்ரவரியில் வார்டனைப் போய்ப் பார்க்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.